பத்து நாளைக்கு நூறு ரூபாய்

மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால் கூட்டுறவு ஆய்வாளர்களுக்கு உறக்கம் குறைந்துவிடும். தவணை தவறிய கடன்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சங்கம் சங்கமாக ஏறி இறங்குவோம். காரியதரிசிகள் எங்களைக் கண்டால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். பேச்சையும் மெல்ல வேறு பக்கம் திருப்பப் பார்ப்பார்கள். ஆண்டு முடிவில் வசூல் சதவீதம் என்ற ஓர் எண் மேலிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த எண் நன்றாக இருந்தால் சங்கமும் நன்றாக இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன்.

நான் இவ்வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நடந்தது இது. நெல்லும் வேர்க்கடலையும் விளையும் ஓர் ஊர். ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கே வேண்டாம். பிழையில் பெரும் பங்கு என்னுடையது. மார்ச்சு 20ஆம் தேதி வரையில் பயிர்க்கடனில் பாதிகூட வசூலாகவில்லை. 29ஆம் தேதி போய்ப் பேரேட்டைப் புரட்டினால் முழுவதும் வசூலாகியிருந்தது. நான் மகிழ்ந்துபோய், ‘நூற்றுக்கு நூறு வசூல்; பாராட்டத்தக்கது’ என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டேன். என் மேலதிகாரி என்னைப் பாராட்டினார். ஏப்ரல் முதல் வாரத்தில் அதே அங்கத்தினர்களுக்கு அதே தொகைகள் மறுபடியும் கடனாக வழங்கப்பட்டிருந்தன. அதையும் நான் பார்த்தேன். புதுப் பருவத்துக்குப் புதுக் கடன் என்பது முறைதானே என்று எண்ணிப் பக்கத்தைத் தள்ளினேன்.

மறு ஆண்டும் அவ்விதமே முழு வசூல். அவ்வாண்டு சங்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் அங்கத்தினர், அறுபது வயதை நெருங்கியவர், இரண்டு ஏக்கர் நெல் வைப்பவர், என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “ஐயா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் எங்கள் கடனை வசூல் செய்யவில்லை. தேதியைத்தான் வசூல் செய்தீர்கள்.”

அவர் விளக்கிய பிறகுதான் என் கையொப்பத்தின் மதிப்பு எனக்கு விளங்கிற்று. அவருக்குச் சங்கத்தில் 50,000 ரூபாய் பயிர்க்கடன். உரிய தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோரிடம் பயிர்க்கடனுக்கு வட்டி வாங்காத சலுகை நம் மாநிலத்தில் உண்டு என்பதை அங்கத்தினர் அறிவர். ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். ஆண்டுதோறும் மார்ச்சு முடிவில் அவர் கையில் 35,000 ரூபாய் தேறும், 15,000 குறையும். குறையும் தொகையை ஊரில் ஒருவரிடம் மூன்று நாள் கைமாற்றாக வாங்குவார். நூறு ரூபாய்க்கு நாள் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மூன்று நாளைக்கு 900 ரூபாய். சங்கத்தில் முழுத் தொகையையும் கட்டி ரசீது வாங்குவார். நாலாம் நாள் புதுக் கடன் கைக்கு வரும். அதில் 10,000 உரமாகக் கழிந்துவிடும். எஞ்சிய 40,000 ரொக்கத்தில் கைமாற்றுக்கும் வட்டிக்குமாக 15,900 ரூபாய் சங்கத்து வாசலிலேயே போய்விடும். வட்டியில்லாக் கடனைக் காப்பாற்றிக்கொள்ள வட்டிக்குக் கடன் வாங்கும் விந்தை இது.

ஆக, நடவுக்கு அவர் கையில் இருப்பது 24,100 ரூபாய். உழவு, நாற்று, நடவு, களை எல்லாம் இதற்குள் அடங்கா. குறைந்ததற்கு மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் அறுவடைக் கணக்கில் கடன் சொல்வார். கடன் சொல்லி வாங்கும் மூட்டைக்கு விலை எப்போதும் கொஞ்சம் கூடுதல். அறுவடையானதும் முதலில் களத்துக்கு வருபவர் கடைக்காரர்தாம். அவருக்குக் கொடுத்தது போக, மார்ச்சில் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய 50,000த்தில் மறுபடியும் அதே 15,000 குறையும். விதைப்பதற்கு முன்பே அந்த வயலில் ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது. அறுவடை முழுவதும் அந்தப் பள்ளத்தைத் தூர்ப்பதற்கே போகிறது. ஏப்ரலில் அதே பள்ளம் மறுபடியும் தோண்டப்படுகிறது. இதைப் பதினொரு ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக நான் அதன் அடியில் ‘பாராட்டத்தக்கது’ என்று எழுதியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருந்த வேகத்தில் இதையும் உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று தோன்றியது. ‘சேமிப்பு வாரம்’ என்று ஒன்று வைத்து, தட்டி எழுதிக் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, ஒரே வாரத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட சேமிப்புக் கணக்குகளைத் தொடங்கிவைத்தேன். ஆளுக்கு ஐம்பது ரூபாய் முதல் தொகை. அடுத்த ஆண்டு தணிக்கைக்குப் போனபோது பெரும்பாலான கணக்குகளில் அந்த ஐம்பது ரூபாய்க்கு மேல் ஒரு வரிகூட இல்லை. நான் கணக்குகளைத் திறந்திருந்தேனே ஒழிய ஒருவரையும் சேமிக்கப் பழக்கவில்லை. வசூலில் செய்த அதே தவற்றை வேறு பேரேட்டில் செய்திருந்தேன்.

ஆனால் ஒரு கணக்கில் வரிகள் இருந்தன. பத்து நாட்களுக்கு ஒரு முறை நூறு ரூபாய். பக்கம் முழுவதும் அதே எண். திண்ணையில் என்னிடம் பேசிய பெரியவரின் மனைவியின் கணக்கு அது.

அந்த அம்மாளைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். சேமிப்பு வாரத்தின்போது நான் பேசியதைப் பாதிதான் கேட்டதாகவும், மாடு கறக்கும் நேரமாதலால் எழுந்துபோய்விட்டதாகவும் சொன்னார். “மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் சேமிக்கச் சொல்வது சுலபம், ஐயா. எங்கள் வீட்டில் ஒரு மாதம் பணம் வரும், ஐந்து மாதம் வராது” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏழை அங்கத்தினரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுகிற உத்தியோகஸ்தர் எவரும் இந்தச் சொல்லை ஒரு முறையாவது எதிரில் நின்று கேட்க வேண்டும். நெல் ஆண்டுக்கு ஒரு முறை பணம் தரும். பால் சங்கமோ பத்து நாட்களுக்கு ஒரு முறை பட்டுவாடா செய்யும். அவருக்கு இரண்டு கறவைகள். இருநூறு கட்டலாமே என்று கணவர் சொன்னாராம். “இருநூறு என்றால் மூன்று முறை கட்டுவோம், நாலாம் முறை நின்றுவிடும்; நூறு என்றால் மாடு வற்றினாலும் கட்டலாம்” என்று அம்மாள் மறுத்துவிட்டார். பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்ற நான் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை. நல்ல நாளில் எவ்வளவு முடியும் என்பதை நான் கணக்கிட்டேன்; கெட்ட நாளிலும் எவ்வளவு முடியும் என்பதை அவர் கணக்கிட்டார்.

ஆண்டுக்கு 36 பட்டுவாடாக்கள், 3,600 ரூபாய். இது ஒரு தொகையா என்று கேட்கத் தோன்றும். அந்த மார்ச்சில் அவர்கள் கைமாற்று வாங்கியது 15,000 அன்று, 11,400. வட்டி 900 அன்று, 684. புதுக் கடனில் நடவுக்கு மிஞ்சியது 24,100 அன்று, 27,916. கையில் கூடுதலாக நின்ற 3,816 ரூபாய்க்குக் கடையில் கடன் சொல்லாமல் ரொக்கமாக வாங்கினார்கள். அதனால் அறுவடையில் கடைக்காரர் பங்கும் அவ்வளவுக்குக் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் அம்மாளே இருநூறாக உயர்த்திக்கொண்டார். ஒரு கிடாரி கன்று ஈன்றிருந்தது. அந்த ஆண்டு சேமிப்பு 7,200 ரூபாய். அந்த மார்ச்சில் கைமாற்று நாலாயிரத்துக்கும் குறைவு. கட்டிய பணத்தைவிடப் பள்ளம் விரைவாகத் தூர்ந்தது ஏன் என்று பெரியவருக்கு விளங்கவில்லை. அம்மாள் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்: கட்டியது ஒரு பக்கம், கடைக்காரருக்குக் கொடுக்காமல் நின்றது மறுபக்கம். எந்த வழியாகக் கடன் ஆண்டுக்கு ஆண்டு அவர்களைத் தின்றதோ, அதே வழியாகச் சேமிப்பும் திரும்பி வந்தது. மூன்றாம் ஆண்டு மார்ச்சில் அந்த வீட்டார் எவரிடமும் கைமாற்று வாங்கவில்லை.

இதிலே நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவசரம் பணத்தில் மட்டும் இருப்பதன்று. பயிர் சற்று வெளிறினால் யூரியாவை வீசுகிறோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஒரு வாரத்தில் வயல் கரும்பச்சையாகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வளம். ஆனால் தேவைக்கு மேல் தழைச்சத்து ஏறிய நெல்லுக்கு இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலை நோயும் எளிதில் வரும். தண்டு மெலிந்து காற்றுக்குச் சாயும். பிறகு மருந்து வாங்க வேண்டும். முதல் மூட்டையும் கடன், அதன் விளைவாக வாங்கும் மருந்தும் கடன். அந்தப் பெரியவர் இரண்டு ஏக்கரில் ஒரு கால் ஏக்கரை மட்டும் எடுத்துத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், ஏறக்குறைய 45ஆம் நாளில், மடக்கி உழுதார். முதல் ஆண்டு பெரிய வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை என்று அவரே சொன்னார். மண்ணில் கரிமச்சத்து ஏறுவது ஆண்டுக் கணக்கில் நடக்கும் வேலை. ஒரு பருவத்தில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டு அரை ஏக்கர். அதோடு வேளாண்மை அலுவலர் கொடுத்த இலை வண்ண அட்டையை வைத்து, இலையின் நிறம் குறைந்தபோது மட்டும் யூரியா இட்டார். பக்கத்து வயல்காரரைப் பார்த்து இடுவதை நிறுத்திக்கொள்ள அவருக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன. உரத்தைக் குறைப்பதைக் காட்டிலும் அதுதான் கடினமாக இருந்தது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

நெசவாள அங்கத்தினர் இதைப் படித்து, இது நெல்லுக்காரர் கதை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. காஞ்சிபுரத்துக்கு அருகே, குழித்தறிச் சத்தத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். எங்கள் தந்தையார் இளமையில் கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ளும் கையாளாக நின்றவர். உடல் நிறம் வேறு, கரை நிறம் வேறாக நெய்யும் சேலையில் ஒவ்வொரு ஊடைக்கும் நாடாக்கள் மாறிப் போக வேண்டும். நெய்கிறவரின் கால் மிதிக்கும் அந்தக் கணத்தில் கையாளின் நாடா வந்து சேர வேண்டும். ஆறு ஆண்டுகள் அப்படி நின்ற பிறகுதான் தறிக்குழியில் கால் வைக்க விட்டார்களாம். கூலியும் அதற்கேற்றாற்போல் சொற்பம். அந்த முறையில் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையும் உண்டு. அதை நான் போற்றவில்லை. ஆனால் அவர் கை கற்றது வேறு எவ்வகையிலும் கற்றிருக்க முடியாதது.

முந்தானை நிறம் மாறும் இடத்தில் செய்யும் பிட்னி வேலையை நெசவாளர் அறிவர்; உழவர்களுக்காகச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பாவின் ஒவ்வோர் இழையோடும் புது நிறத்து இழை ஒன்றைச் சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பதினான்கு வயதில் ஒரு விடுமுறையில் இதை நான் செய்து பார்த்தேன். மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகமாக முறுக்கினேன். என் தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அச்சை இழுத்தபோது நான் முறுக்கிய பக்கம் முழுவதும் இழை இழையாக விட்டுப்போயிற்று. அவர் அங்கேயே உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார். நான் எழுந்து போய்விட்டேன். பட்டம் பெற்று ஆய்வாளரானதை ஊரார் பெருமையாகப் பேசுவார்கள். அந்த மதியத்தை நானும் என் தந்தையாரும் மட்டும் அறிவோம்.

அவர் தம் சங்கத்தில் குறைபட்டுக்கொண்டது ஒன்றைப் பற்றித்தான். நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிப்பார்கள்; அரசு 4 காசு சேர்க்கும். “எட்டு எட்டாகக் கிள்ளுகிறார்கள்” என்று கூலி வாங்கி வரும் ஒவ்வொரு முறையும் சொல்வார். கையில் கொடுத்திருந்தால் அந்த எட்டுக் காசு என்னவாகியிருக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முழங்கால் வலியால் தறிக்குழியைவிட்டு ஏறியபோது அந்தக் கணக்கில் சேர்ந்திருந்த தொகைதான் அவர் தம் பெயரில் முதன்முதலாகக் கண்ட பெருந்தொகை. அதற்குப் பிறகும் சங்கத்தைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னவரல்லர். தொகையை எண்ணி, தாளைத் திருப்பி மறுபடியும் எண்ணினார்.

நம் இயக்கத்தின் பிறப்பே இவ்வகையில் நிகழ்ந்ததுதான். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் கம்பளித் துணி நெய்யும் ஊரின் தொழிலாளர்களைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் சொல்லாத ஆசிரியர் இல்லை. எனினும் அவர்கள் வென்றதைச் சொல்லும் அளவுக்கு, அதற்கு முன் தோற்றதைச் சொல்வதில்லை. அதே ஊரில் 1833ஆம் ஆண்டில் தொழிலாளர்கள் ஒரு பண்டகசாலை திறந்தார்கள். அங்கத்தினருக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அது மூடப்பட்டது. 1840களின் தொடக்கத்தில் கூலி குறைந்து பஞ்சம் சூழ்ந்தபோது, கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள், அதுவும் கைகூடவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு சிலர் வாரத்துக்கு இரண்டு பென்ஸ் வீதம் சேர்க்கத் தொடங்கினார்கள். பிறகு மூன்று பென்ஸாக்கினார்கள். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். வாரம் இரண்டு பென்ஸ் சேர்ப்பவன் ஒரு பவுனைக் காண 120 வாரங்கள் ஆகும். நாட்டை மாற்றிவிட வேண்டும் என்று துடித்தவர்கள் அவர்களில் பலர். அவர்களுடைய விதிகளைப் பார்த்தால் வீடு கட்டுவது, தொழிற்சாலை வைப்பது, நிலம் வாங்குவது, தம் தேவையைத் தாமே நிறைவு செய்துகொள்ளும் குடியிருப்பை அமைப்பது என்று பெரிய பெரிய நோக்கங்கள் எழுதியிருக்கும். கையிலோ 28 பேர், 28 பவுன் முதல்.

1844 டிசம்பர் 21ஆம் தேதி மாலையில் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சரக்குகள். கடை வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே திறந்திருந்தது. கடன் கிடையாது, ரொக்கம் மட்டும். பசித்தவனுக்குக் கடன் மறுக்கும் கடையை ஏழைகளே நடத்துவது எவ்வளவு கடுமையாகத் தோன்றியிருக்கும்! ஆனால் முன்பு மூடிய கடையை அவர்கள் மறக்கவில்லை. முதல் ஆண்டு முடிவில் அங்கத்தினர் 74 பேர். மூலதனம் 181 பவுன். விற்பனை 710 பவுன். மிச்சம் 22 பவுன். அந்த மிச்சத்தையும் பங்குக்கேற்பப் பிரிக்காமல், அவரவர் வாங்கிய சாமானுக்கேற்பப் பிரித்தார்கள். அதனால் பணம் போட முடியாதவரும், உப்பும் மாவும் வாங்கிக்கொண்டே சிறிது சிறிதாக மூலதனத்துக்குச் சொந்தக்காரரானார். 1849இல் அவ்வூரின் சேமிப்பு வங்கி நொடித்தபோது, மக்கள் நம்பி வந்தது இந்தச் சிறு கடையைத்தான். இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினார்கள். படிக்கும் அறையும் நூல்நிலையமும் வைத்தார்கள்.

28 பவுனைக் கொண்டு எந்தத் தருமவானும் அவர்களுக்கு ஒரு கடையை ஒரே நாளில் வைத்துக்கொடுத்திருக்கலாம். அந்தக் கடை எவ்வளவு நாள் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாரந்தோறும் காசு திரட்டிய அந்த மாதங்களில் சேர்ந்தது பணம் மட்டுமன்று. யார் சொன்ன நாளில் தருகிறார், யார் சாக்குச் சொல்கிறார், கணக்கை யார் ஒழுங்காக எழுதுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குள் தெரிந்துபோயிற்று. கடை திறந்த மாலையில் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருந்தார்கள். இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் வந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் நம் மாநிலத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது. அன்று தொட்டு நம் சங்கங்களிலும் நிலைத்து நின்றவை, ஒருவரையொருவர் அறிந்தவர்கள் நடத்தியவையே என்பது என் அனுபவம்.

இக்காலத்தில் அவசரத்துக்கு வழி மிகுந்துவிட்டது. கைபேசியில் ஒரு செயலியைத் தொட்டால் ஐந்து நிமிடத்தில் ஐயாயிரம் ரூபாய் வருகிறது. வாரத் தவணை நாளில், உடன் சேர்ந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசுகிற அளவுக்கு வீட்டுக்கு நாலு குழுக் கடன்கள். ஒரு நெசவாளர் வீட்டில், ஒன்றை அடைக்க மற்றொன்று என்று ஐந்து கடன் அட்டைகளை விளக்கு மாடத்தில் செருகி வைத்திருந்ததை நான் கண்டேன். எல்லாம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. என் பழைய பேரேட்டைப் போலவே அந்த அட்டைகளிலும் நூற்றுக்கு நூறு வசூல்.

ஆனால் இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் மெதுவாகச் செய்ய முடியாது. பிரசவத்தில் சிக்கல் என்றால் அன்றிரவே பணம் வேண்டும். புயலில் தறிவீடு சரிந்தால் அந்த வாரமே கூரை வேண்டும். அத்தகைய நேரத்தில் சிக்கனத்தைப் பற்றிப் பேசுபவன் மனிதனல்லன். சங்கம் உடனே கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கத் தாமதிக்கும் சங்கங்கள்தாம் அங்கத்தினரைக் கைமாற்றுக்காரரிடம் அனுப்புகின்றன. நம்மிடையே வேறொரு மெதுவும் உண்டு. நிர்வாகக் குழுக் கூட்டத்தில், ‘படிப்படியாகச் செய்யலாம்’ என்று ஒரு தீர்மானம் போடுவார்கள். முதல் படி எது, எந்தத் தேதியில் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பத்து நாளைக்கு நூறு ரூபாய் என்பதற்குத் தேதி உண்டு, தொகை உண்டு, தவறினால் தெரிந்துபோகும் வெற்று வரியும் உண்டு. மெதுவாகச் செய்வதற்கும் செய்யாமலிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அந்தச் சேமிப்புப் புத்தகத்தில்தான் படித்தேன்.

என் வேலையில் செய்துகொண்ட மாற்றமும் சிறிதே. மார்ச்சு வசூலின் அடியில் ‘பாராட்டத்தக்கது’ என்று இப்போது எழுதுவதில்லை. எந்தச் சங்கத்துக்குப் போனாலும் முழுத் தொகையும் கட்டியவர்களில் ஐந்து பேரைத் தேர்ந்து, அவர்கள் வீட்டுக்குப் போய், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறேன். மாதத்துக்கு ஐந்து வீடுகள். அதற்கு மேல் என் சுற்றுப்பயணத்தில் முடிவதில்லை. முதலில் கதவைச் சாத்தினார்கள். இப்போது சில வீடுகளில் மோர் கொடுக்கிறார்கள். சில காரியதரிசிகளுக்கு இது பிடிக்கவில்லை. வசூல் எண் இரண்டு சங்கங்களில் நூறிலிருந்து எழுபதுக்குச் சற்று மேலாக இறங்கியது. அதற்கு எனக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்பட்டது. எழுதிக் கொடுத்தேன். எழுபதில் ஒவ்வொரு ரூபாயும் வயலிலிருந்தோ மாட்டிலிருந்தோ வந்தது என்று அதில் குறிப்பிட்டேன். அந்த விளக்கம் ஏற்கப்பட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

சென்ற மார்ச்சில் அந்த ஊர்ச் சங்கத்துக்குப் போயிருந்தேன். அந்த அம்மாள் பணம் கட்ட வந்திருந்தார். புத்தகத்தில் பக்கங்கள் முடிந்துவிட்டபடியால் எழுத்தர் புதுப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். முதல் வரியில் முன்னிருப்பைப் பதிந்து முத்திரை வைத்தார். அம்மாள் அதை வாங்கி, எண்ணைச் சரிபார்த்தார். பிறகு பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதைச் சங்கத்தில் கொடுத்துவிட வேண்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டியதில்லை, வைத்துக்கொள்ளலாம் என்றேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பால் சங்கத்து அட்டையோடு துணிப்பையில் வைத்து, கறவை நேரமாயிற்று என்று எழுந்தார்.